கூலோன் சதுப்பில் ஒரு சுற்று – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மேற்கு பிரான்ஸில் நியோர் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் கூலோன் ஊருக்கு ஏப்ரலில் போயிருந்தோம். நான், மனைவி, பத்து வயது மகன், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா (68). ஊரில் தொடங்கி மரே புவாத்வேன் சதுப்பைச் சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்வது திட்டம். போன் செயலி வழி போட்டுக் கொடுத்தது. ஒரு மணி நேரம் நடந்தபின் பாதை தண்ணீரில் முடிந்தது. எதிர்க்கரை நாலு எட்டில்தான், ஆனால் பாலம் இல்லை. இன்னொரு இடத்தில் பாதையே தண்ணீருக்கு அடியில் கிடந்தது. மே கடைசியில் மறுபடி போக ஆசை. எப்படித் திட்டமிடுவது? அம்மாவால் முடியுமா? படகுக்காரர் தண்ணீரைக் கொளுத்துவார் என்கிறார்களே, நிஜமா என்று மகன் கேட்கிறான்.

கே., பாரிஸ்

அன்புள்ள கே.,

செயலியை முழுக்கக் குறை சொல்ல முடியாது. அந்தச் சதுப்பை உருவாக்கியவர்கள் அங்கே நடக்க நினைக்கவில்லை. கூலோனைச் சுற்றியுள்ள ஈரச் சதுப்பின் இன்றைய அமைப்பு பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. நாலு பக்கமும் பள்ளம் வெட்டி, அந்த மண்ணையே நடுவில் கொட்டி மேடாக்கி, சின்னச் சின்ன நிலத்துண்டுகளாக்கினார்கள். விவசாயி தன் துண்டுக்குப் படகில் போனார். மாடும் விறகும் படகில்தான் வந்தன. பாலத்துக்கு அவசியமே இருக்கவில்லை. வரைபடத்தில் பாதை மாதிரித் தெரியும் பல கோடுகள் யாரோ ஒருவருடைய நிலத்துக்குப் போய் நின்றுவிடும்.

அதனால் திட்டத்தைப் பாலங்களிலிருந்து தொடங்குங்கள். பிரான்ஸ் அரசின் நிலவரைபட நிறுவனமான ஐஜிஎன் வெளியிடும் 1:25,000 வரைபடத்தை விரியுங்கள். அதில் 4 செ.மீ. என்பது ஒரு கி.மீ. தண்ணீரைக் கடக்கும் இடங்களை மட்டும் முதலில் பென்சிலால் வட்டமிடுங்கள். பிறகு வட்டத்திலிருந்து வட்டத்துக்குப் பாதை இருக்கிறதா என்று பாருங்கள். விட்டுவிட்டுப் போகும் கறுப்புக் கோடு நீலக் கோட்டைத் தொட்டு நின்றுவிட்டால், அந்த வழியை அடித்துவிடலாம். மெல்லிய ஒற்றை நீலக் கோடுதானே, தாண்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். தாண்ட முடியாத அகலத்துக்கும் அதே கோடுதான், அடியில் சேறு வேறு.

களத்தில் மஞ்சள் பெயின்ட் குறிகளைப் பாருங்கள். ஒற்றை மஞ்சள் பட்டை என்றால் சரியான வழி. பட்டைக்குக் கீழே வளைந்த கோடு இருந்தால் திரும்ப வேண்டும். பெருக்கல் குறி என்றால் அந்தப் பக்கம் போகாதே. குறிகள் பல இடங்களில் மரத்தில்தான் இருக்கும். மரம் போனால் குறியும் போச்சு. இப்போது இது நிஜமாகவே நடக்கிறது. சதுப்பின் அடையாளமே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே தலையை வெட்டி வெட்டி வளர்த்த ஆஷ் மரங்கள். விறகு தருவதும் அவை, வேரால் கரையைப் பிடித்து நிறுத்துவதும் அவை. பிரான்ஸில் 2008இல் கண்டறியப்பட்ட ஷலரோஸ் என்ற பூஞ்சை நோய் இவற்றைக் காயவைக்கிறது. காற்றடிக்கும் நாளில் காய்ந்த கிளைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

இனி வழி. செவ்ர் நியோர்த்தேஸ் ஆற்றின் வலது கரையில், சுண்ணாம்புக்கல் மேட்டின் விளிம்பில் இருக்கிறது கூலோன். சதுப்பு எதிர்க்கரையில். படகுத்துறையிலிருந்து பாலம் தாண்டித் தெற்கே லா கரெத் கிராமம்வரை போய்த் திரும்புவதுதான் உங்களுக்கு ஏற்ற சுற்று. ஒரு பக்கத்துக்குத் தார்ச்சாலையில் ஏறத்தாழ 3 கி.மீ.; வாய்க்கால் கரையோடு வளைந்து போனால் கூடும். போகும்போது வாய்க்கால் கரை, திரும்பும்போது தார்ச்சாலை. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். காலையில் பாதை அடைபட்டிருந்தால் அரை மணியில் திரும்பிவிடலாம். மாலையில், கால் ஓய்ந்தபின் அடைபட்டால் உங்கள் ஏப்ரல் கதைதான். லா கரெத்தின் பழைய வீடுகளுக்கு ஒரு வாசல் தெருவில், மறு வாசல் தண்ணீரில். அதைப் பார்க்கவாவது அங்கே சற்று நில்லுங்கள். ஊரோடு சேர்த்து மூன்று மணி நேரம், அம்மாவோடு என்றால் நாலு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அம்மாவால் நடக்க முடியும், ஏற்றமே கிடையாது. சிக்கல் வேறு: நடுவில் உட்கார இடம், கழிப்பறை எதையும் நம்ப முடியாது, பாதியில் விலகி வெளியேற வழியும் இல்லை. எனக்குச் சரியாகப் படுவது, அவரையும் மருமகளையும் படகில் ஏற்றிவிட்டு நீங்களும் பையனும் நடப்பது.

தண்ணீருக்கு அடியில் கிடந்த பாதை விபத்தல்ல. ஈரச் சதுப்பு குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் முழுகத்தான் செய்யும். அரசின் வெள்ள எச்சரிக்கைத் தளமான விஜிக்ரூவில் ஆறு பச்சையாகக் காட்டினாலும் சதுப்புப் பாதை காய்ந்துவிட்டது என்று பொருளில்லை. அந்த நிறங்கள் ஊருக்கு வரும் ஆபத்தைச் சொல்பவை. முந்தைய நாள் கூலோன் சுற்றுலா அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்பதே நல்லது.

மே கடைசியில் தண்ணீர் பெரும்பாலும் வடிந்திருக்கும். வேறு தொல்லைகள் வரும். புல் முழங்கால்வரை வளரும், உண்ணி ஏறும். முழுக்கால் சட்டை, திரும்பியதும் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு எல்லாம் ஒரு பார்வை. நிழலில் கிடக்கும் மரப்பாலம் பாசி பிடித்து வழுக்கும், பாதத்தை முழுதாக ஊன்றி நடங்கள். கரை விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி நடக்க வேண்டும். ரோமத்துக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டுத் தப்பிப் பெருகிய ரகோந்தேன் என்ற, எலி போன்ற பெரிய கொறிக்கும் விலங்கு கரைக்குள் வளை தோண்டியிருக்கும். மேலே புல், கீழே பொந்து. அதன் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும் என்பதால் காலில் காயத்தோடு தண்ணீரில் இறங்கக் கூடாது. பையனுக்குத் தனியாகச் சொல்லிவையுங்கள்: கோடையில் மிளகு அளவிலான சின்ன வட்ட இலைகள் நெருக்கமாக மிதந்து வாய்க்காலை மூடிவிடும். ஓர் அலைகூடத் தெரியாது. புல்வெளி என்று நினைத்து நாய்கள் குதித்துவிடும், குழந்தைகளும்தான்.

தீ நிஜம். அடியில் மட்கும் இலைதழை மீத்தேன் வாயுவைச் சேர்த்து வைத்திருக்கும். படகுக்காரர் பிகூய் எனும் துடுப்புக்கழியால் சேற்றைக் கிளறுவார், குமிழ்கள் பொங்கும், லைட்டரைக் காட்டினால் நீர்ப்பரப்பில் மஞ்சள் சுவாலை ஓடி ஓரிரு நொடியில் அணையும். கரையில் நின்று குச்சியால் கிளறிப் பார்க்க விடாதீர்கள்; விளிம்பைப் பற்றித்தான் மேலே சொன்னேனே.

ஊருக்குள் நடப்பதைக் கடைசியில் வையுங்கள். கூத்யும் சதுக்கத்தில்தான் அந்தக் காலத்தில் படகுச் சரக்குக்குத் தீர்வை வாங்கினார்கள். சதுப்பு அருங்காட்சியகமும் அங்கேதான். திரித்துவத் தேவாலயத்தில் பிரசங்க மேடை வெளிச்சுவரில் இருக்கும், பிரான்ஸில் அதிகம் பார்க்கக் கிடைக்காத அமைப்பு.

பாரிஸ் மோன்பர்நாஸிலிருந்து நியோருக்கு டிஜிவி அதிவேக ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நியோர் வட்டாரப் பேருந்துகளில் 2017 செப்டம்பர் முதல் கட்டணம் கிடையாது, கூலோனும் அந்த வட்டாரத்தில் சேர்ந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை நேர அட்டவணையை மட்டும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். முடிந்தால் சனிக்கிழமையே போய்வாருங்கள்.