எட்டு நிமிட உளவியல் திகில் குறும்படத்துக்கு ஸ்கிரிப்ட் எழுத எங்கிருந்து தொடங்குவது?

பேயிலிருந்து தொடங்காதீர்கள், ஒரு மனநிலையிலிருந்து தொடங்குங்கள். என் தேர்வு, ஊரில் 'அமுக்குவான் பேய்' என்கிறார்களே, அந்தத் தூக்க முடக்கம். கனவு வரும் உறக்கக் கட்டத்தில் உடல் தசைகள் தளர்ந்து செயலற்று இருக்கும். அது விலகும் முன்பே மனம் விழித்துக்கொண்டால் கண்ணை மட்டும்தான் அசைக்க முடியும். நெஞ்சில் பாரம், அறையில் யாரோ நிற்கிற உணர்வு. பெரும்பாலும் சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள். ஹென்றி ஃப்யூசெலி 1781இல் வரைந்த ஓவியத்தில், உறங்கும் பெண்ணின் மார்பில் ஒரு குட்டிப் பூதம் உட்கார்ந்திருக்கும். அதைப் பாருங்கள், ஃபிரேம் பற்றி நிறையச் சொல்லும்.

அப்புறம், இதை அனுபவித்தவர்களிடம் பேசுங்கள். "பயமாக இருந்ததா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பதோடு முடிந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள், ஃபேன் சத்தம் கேட்டதா, கதவு எவ்வளவு திறந்திருந்தது என்று கேளுங்கள். காட்சி அங்கேதான் கிடைக்கும்.

ஸ்கிரிப்டில் ஒரு பக்கம், திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஆக எட்டுப் பக்கம், ஒரே அறை, இரண்டு பேர் போதும். நாயகிக்குத் தெரிவது, பார்வையாளருக்குத் தெரிவது, உண்மையில் நடப்பது என ஒரு அட்டவணையில் மூன்று நெடுவரிசை போட்டு, காட்சி வாரியாக நிரப்புங்கள். மூன்றும் எங்கே பிரிகிறதோ அங்கேதான் திகில். ஒலியையும் ஸ்கிரிப்டிலேயே எழுதுங்கள்.

ஒரு வேண்டுகோள்: மனநோயாளியைக் கொலைகாரனாக்கி முடிக்காதீர்கள். அது பொய், நோயோடு வாழ்பவர்களைக் காயப்படுத்தும் பொய்.