பிரபஞ்சவியல் ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் வாசித்தார்கள் என்று இணையத்தில் அறியலாமா?

ஓரளவுக்கு அறியலாம். ஆனால் பேசப்பட்டதும் வாசிக்கப்பட்டதும் வேறு வேறு.

கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். ஒருநாள் ஒரு மாணவி போனில் ஓர் ஆய்வுக் கட்டுரையின் பக்கத்தைக் காட்டினாள். பல நிறத்தில் ஒரு வளையம், நடுவில் எண். "சேர், இவ்வளவு ஸ்கோர் எண்டால் இது சரியாத்தானே இருக்கும்?"

அது அல்ட்மெட்ரிக் ஸ்கோர்: ஒரு கட்டுரை இணையத்தில் எவ்வளவு பேசப்பட்டது என்பதன் கணக்கு. செய்தித் தளத்தில் வந்தால் 8, வலைப்பதிவில் வந்தால் 5 என்று நிறை வைத்துக் கூட்டுகிறார்கள். கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் மென்டலி என்ற செயலியில் அதைச் சேமித்தவர்களின் தொகையைப் பக்கத்தில் காட்டுவார்கள், ஸ்கோரில் சேர்ப்பதில்லை. புகழ்ந்தாலும் ஏறும், பிழை என்று எழுதினாலும் ஏறும்.

அவளுக்கு பைசெப்2 என்ற தொலைநோக்கியின் கதையைச் சொன்னேன். 2014 மார்ச் 17 அன்று, பிரபஞ்சம் பிறந்த கணத்து ஈர்ப்பு அலைகளின் தடம் தென்துருவத்தில் வைத்த அந்தத் தொலைநோக்கியில் தெரிந்ததாக அறிவித்தார்கள். உலகமே பேசியது. 2015 தொடக்கத்தில் பிளாங்க் செயற்கைக்கோளின் தரவையும் சேர்த்துப் பார்த்தார்கள். சமிக்ஞையில் பெரும்பங்கு பால்வீதியின் தூசு. ஈர்ப்பு அலைக்குப் போதிய சான்று மிஞ்சவில்லை.

வாசிப்புக்குக் கிட்டிய கணக்கு வேண்டுமென்றால் வானியல் கட்டுரைகளைத் தேடும் நாசாவின் ஏடிஎஸ் தளத்துக்குப் போங்கள், இலவசம்தான். கட்டுரைப் பக்கத்தில் 'மெட்ரிக்ஸ்' என்பதை அழுத்தினால், அந்தத் தளத்தின் வழியாக எத்தனை தரம் பார்த்தார்கள், எத்தனை தரம் இறக்கினார்கள் என்று வரும். 1991இல் தொடங்கிய, ஆய்வாளர்கள் கட்டுரைகளை இலவசமாகப் பதிவேற்றும் ஆர்கைவ் தளத்தில்தான் இத்துறைக் கட்டுரைகள் பெரும்பாலும் முதலில் வரும். ஆனால் தனித்தனிக் கட்டுரையின் தரவிறக்க எண்ணை அவர்கள் வெளியிடுவதில்லை.

ஏடிஎஸ் கணக்கிலும் ஓட்டை உண்டு. பைசெப்2 கட்டுரையை அந்தத் தளத்தின் வழியாக ஒரு தரம் இறக்கி, ஏ9 வீதிக் கடையில் முதல் பக்கத்தை மட்டும் 22 கொப்பி எடுத்தேன். தகரக் கொட்டிலில் இருந்து, அகராதியும் கையுமாகப் பிள்ளைகள் வசனம் வசனமாக வாசித்தார்கள். சுருக்கத்தின் கடைசியில் அந்த மாணவியின் பென்சில் நின்றது. தூசின் பங்கைக் கணக்கில் எடுத்தால் ஈர்ப்பு அலைகளுக்குத் தாங்கள் சொன்ன பெறுமானம் குறையும் என்று ஆய்வாளர்களே அங்கே எழுதியிருக்கிறார்கள். கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்தவளுக்கும் காட்டினாள்.

ஏடிஎஸ் கணக்கில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு தரவிறக்கம்.