அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்தீர்களா?

வணக்கம் அம்மா. "ஒரே வினாடியில் சார்ஜ் ஆகுற பேட்டரி செய்யப் போறேன்னு நிற்கிறாள், எந்தக் காலேஜில் சேர்ப்பது?" என்று கேட்டு, மகளின் நோட்டுப் பக்கத்தையும் அனுப்பியிருந்தீர்கள்.

நான் முதலில் நோட்டைத்தான் பார்த்தேன். பிளஸ் டூ இயற்பியலில் வரும் எல்சி சுற்று, அதாவது கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த மின்சுற்று. ஆனால் கம்பிச்சுருளை அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். அது ஜோசப்சன் சந்தி: இரண்டு சூப்பர்கண்டக்டர்களுக்கு (மின்தடையே இல்லாத பொருட்களுக்கு) நடுவே ஒரு மெல்லிய தடுப்பு. குவாண்டம் கணினியின் அடிப்படை அலகை க்யூபிட் என்பார்கள்; சூப்பர்கண்டக்டிங் க்யூபிட்டின் உயிரே இந்தச் சந்திதான். 2025 இயற்பியல் நோபல் பரிசு, அந்தச் சந்தி உள்ள மின்சுற்றில் 1980களில் செய்த சோதனைகளுக்குத்தான் கிடைத்தது. பாடப் புத்தகத்தைத் தாண்டித் தேடிப் படித்திருக்கிறாள்; எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

சரி, பேட்டரிக்கு வருவோம். அவள் சொல்வது குவாண்டம் பேட்டரி. குவாண்டம் பேட்டரி என்ற யோசனையை 2013-ல் அலிட்ஸ்கி, ஃபானஸ் என்ற இருவர் தொடங்கிவைத்தார்கள். சாதாரண பேட்டரி பெரிதானால் சார்ஜ் ஏற நேரம் கூடும். இதில் பல க்யூபிட்டுகள் ஒன்றாகச் சேர்ந்து சார்ஜ் ஏறும்போது, எண்ணிக்கை கூடக் கூட நேரம் குறையும் என்கிறது கணக்கு. ஆனால் ஒரு போன் பேட்டரியின் ஆற்றலுக்கு, 1-க்குப் பின்னால் 28 சைபர் போட்ட அளவுக்கு க்யூபிட்டுகள் வேண்டும். அதுவும் மைனஸ் 273 டிகிரியை ஒட்டிய குளிரில். போனுக்கு இது வராது. குவாண்டம் கணினிக்குள் பயன்படலாம் என்பது என் கணிப்பு.

அதனால் இன்று ராத்திரி அவளிடம் ஒன்று கேளுங்கள்: வேகமாகச் சார்ஜ் ஆவது பிடித்திருக்கிறதா, அந்தப் பெருக்கல் குறி பிடித்திருக்கிறதா?

முதலாவது என்றால் அது வேதியியல். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியிலேயே நடக்கிறது.

இரண்டாவது என்றால் பி.எஸ்சி. இயற்பியல் முடித்து, எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வு, அல்லது மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர்களின் ஐந்தாண்டுப் படிப்பு. இசிஇ எடுத்தாலும் வழி உண்டு, ஏனென்றால் க்யூபிட்டை இயக்குவதே மைக்ரோவேவ் அலைகள்தான். அப்புறம் பிஎச்.டி.; மும்பை டிஐஎஃப்ஆர் (டாடா ஆராய்ச்சி நிறுவனம்), பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) இரண்டிலும் சூப்பர்கண்டக்டிங் க்யூபிட் ஆய்வகங்கள் இருக்கின்றன. மத்திய அரசும் 2023-ல் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கியது. பிஎச்.டி. மாணவர்களுக்கான ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, அதற்கு மேல் வீட்டு வாடகைப்படி. நீண்ட படிப்புதான், பத்து வருடம் ஆகும். உங்கள் கவலை எனக்குப் புரிகிறது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். படிப்பின் பெயரில் 'குவாண்டம்' இருக்கிறதே என்று நன்கொடை கட்டிச் சேர்க்காதீர்கள். கணிதமும் ஆய்வகமும் நன்றாக இருக்கும் சாதாரண இயற்பியல் துறையே போதும். அவள் சொன்ன பதிலை எழுதி அனுப்புங்கள், விண்ணப்பங்களைச் சேர்ந்தே பார்க்கலாம்.