கார் கேள்வி–பதில்: வெடிக்கிறது சைலன்சர், பழி கார்புரேட்டர் மீது

கேள்வி: என் கார் முப்பது வயதைத் தாண்டியது. கார்புரேட்டர், பாயிண்ட் (மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்து ஸ்பார்க் வரவைக்கும் தொடுமுனை) வைத்த இக்னிஷன். நல்ல வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்சரில் ‘பட் பட்’டென்று வெடிக்கிறது. ஐடிலிங்கில் எந்தத் தொந்தரவும் இல்லை. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. பலனில்லை. அடுத்து என்ன செய்வது?

பதில்: மூன்றாவது முறை கழற்றாதீர்கள். காலை எடுத்தால் மட்டும் வெடிக்கிறது என்று சொல்லிவிட்டீர்களே, அதுவே பெரிய துப்பு.

காலை எடுத்ததும் திராட்டில் மூடிக்கொள்கிறது. எஞ்சினோ சக்கரத்தின் இழுப்பில் வேகமாகச் சுழல்கிறது. சிலிண்டருக்குள் போகும் பெட்ரோல்–காற்றுக் கலவை மிகக் குறைவு. அதோடு எரிந்து மிச்சமான புகையும் கலந்துவிடுவதால் பல சுற்றுகளில் தீப்பிடிக்காமலே வெளியேறுகிறது. பெட்ரோல் ஆவி மட்டும் சைலன்சருக்குப் போனால் வெடிக்காது. அதற்குக் காற்று வேண்டும். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் தேட வேண்டும். பெரும்பாலும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்த் தொகுதி) கேஸ்கட் வழியாகவோ, மேனிஃபோல்டும் முன் குழாயும் சேரும் இடத்திலோ வரும். புகை துடித்துத் துடித்துத்தான் வெளியே போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும். அப்போது ஓட்டை காற்றை உள்ளே இழுக்கும். ‘புகை வெளியே வரவில்லையே, ஓட்டை எப்படி இருக்கும்?’ என்று ஏமாறுவது இதனால்தான்.

சோதனையைக் காலையில், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். மேனிஃபோல்டு ஒரு நிமிடத்துக்குள் கை வைக்க முடியாத சூடாகிவிடும். சோப்புத் தண்ணீரை இணைப்புகளில் தெளித்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். இன்னொருவர் தடித்த துணியை மடித்து, வால் குழாயைச் சில நொடிகள் முக்கால்வாசி அடைக்கட்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் நுரை பொங்கும், அல்லது ‘புஸ் புஸ்’ஸென்று சத்தம் வரும். கேஸ்கட் ஓரத்தில் கறுப்புக் கோடாகக் கரி படிந்திருந்தால் நுரைகூடத் தேவையில்லை. நட்டை முறுக்குமுன் துரு இளக்கும் எண்ணெயை முந்தின இரவே விட்டு வையுங்கள். ஸ்டட் ஒடிந்தால் வேலை மூன்று மடங்கு. முறுக்குவது நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும், கொஞ்சம் கொஞ்சமாக. மேனிஃபோல்டிலேயே விரிசல் என்றால் எவ்வளவு முறுக்கியும் பயனில்லை.

அங்கே சரியாக இருந்தால் அடுத்தது உறிஞ்சும் பக்கம். வாக்குவம் கேஜ் மாட்டினால், நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் 430 முதல் 530 மில்லிமீட்டர் பாதரசம் வரை அசையாமல் காட்டும். முள் அசையாமல் ஆனால் தாழ்வாக நின்றால் காற்றுக் கசிவு அல்லது டைமிங் பின்தங்கல், அதாவது ஸ்பார்க் தாமதமாக வருவது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை ஒரு கணம் நசுக்கிப் பாருங்கள். ஐடிலிங் மாறினால் கசிவு அந்தப் பக்கம். சில கார்களில், காலை எடுக்கும்போது இன்லெட் மேனிஃபோல்டுக்குள் (உறிஞ்சும் பக்கக் குழாய்க்குள்) கூடுதல் காற்று விடும் சின்ன வால்வு ஒன்று உண்டு. அது பழுதானாலும் இதே சத்தம் வரும்.

இத்தனையும் பார்த்தபிறகுதான் ஐடிலிங் மிக்ஸ்சர் ஸ்குரூ. எஞ்சின் சூடான நிலையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருப்பி, எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். அழுத்தினால் ஊசி முனை கெட்டுவிடும். பழைய இடத்துக்குத் திருப்பி, அங்கிருந்து கால் சுற்று கால் சுற்றாக மாற்றி, எஞ்சின் சீராகவும் வேகமாகவும் ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். பல கார்புரேட்டர்களில் வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். சிலவற்றில் அது காற்று ஸ்குரூ, எல்லாம் தலைகீழ். உங்கள் காரின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு நேர்மாறு. மேட்டில் இழுக்கும்போது மிஸ் அடித்து, ‘டமார்’ என்று பின்னால் வெடிக்கிறது.

பதில்: பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்தில் தாவ ஸ்பார்க்குக்கு அதிக மின்னழுத்தம் தேவை. வயரோ, ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துவிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியோ பலவீனமாக இருந்தால் மின்சாரம் சுலபமான வேறு வழியைத் தேடிக்கொள்ளும். இரவில் பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது வயர்களில் லேசாகத் தண்ணீர் தூவுங்கள். நீலப் பொறி ஊர்வது தெரிந்தால் மாற்ற வேண்டியது அதைத்தான். மூடியின் உட்புறம் பென்சிலால் கிறுக்கியதுபோல் மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் துடைத்துத் தீராது, புதிது போடுங்கள்.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். ஒன்று மட்டும் பெட்ரோலில் நனைந்திருந்தால் அந்த சிலிண்டர் தீப்பிடிக்கவில்லை. நான்கிலும் காய்ந்த கரி என்றால் கலவை ரிச், அதாவது பெட்ரோல் அதிகம்.

பாயிண்ட் இடைவெளி பல கார்களில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயிண்டின் குதி (கேமில் உரசும் பகுதி) தேயத் தேய இடைவெளி சுருங்கும், டைமிங்கும் பின்தங்கும். பின்தங்கிய டைமிங்கில் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் கலவை எரிந்துகொண்டிருக்கும். ஆகவே இடைவெளியை முதலில் சரி செய்து, பிறகுதான் டைமிங் லைட்டை எடுக்க வேண்டும். பலர் வரிசையை மாற்றிச் செய்து இரட்டை வேலை பார்க்கிறார்கள். புதுப் பாயிண்ட் சீக்கிரமே கருகினால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள்.

யாரும் எளிதில் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டுக்குப் போகும் மெல்லிய வயர். வாக்குவம் அட்வான்ஸ் (எஞ்சின் உறிஞ்சலுக்கு ஏற்ப டைமிங்கை முன்தள்ளும் அமைப்பு) தட்டை இழுக்கும்போதெல்லாம் அது வளைந்து வளைந்து, மேலுறை நன்றாகவே இருக்க, உள்ளே அறுந்திருக்கும். தட்டைக் கையால் அசைத்துக்கொண்டே மல்டிமீட்டரில் தொடர்ச்சியைப் பார்த்தால் பிடிபடும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு பக்கவாட்டில் ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. புதுப் பாயிண்ட் போட்டும் இடைவெளி நிற்காது.

கேள்வி: சைலன்சரில் இல்லை, கார்புரேட்டர் பக்கம் துப்புகிறது. இதுவும் அதே கோளாறா?

பதில்: இல்லை. குளிர்ந்த எஞ்சின் மட்டும் துப்பினால் சோக் போதவில்லை. சூடான பிறகும் துப்பினால் கலவை லீன், அதாவது பெட்ரோல் குறைவு: ஃபில்டர், ஃப்ளோட் மட்டம், ஜெட் என்று பாருங்கள். ஆக்சிலரேட்டரை மிதித்த கணத்தில் மட்டும் துப்பினால், எஞ்சினை அணைத்துவிட்டு திராட்டிலைக் கையால் திறங்கள். ஆக்சிலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டரில் பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால் பம்பின் டயாஃப்ரம் போயிருக்கும், அல்லது துவாரம் அடைத்திருக்கும். இரண்டு பிளக் வயர்கள் இடம் மாறியிருந்தாலும் துப்பும். நான்கு சிலிண்டரில் தீப்பிடிக்கும் வரிசை பெரும்பாலும் 1-3-4-2.

அதிலும் கிடைக்கவில்லை என்றால் டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்) இடைவெளி, பிறகு கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்). எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, ஒவ்வொரு துவாரத்திலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்து ஸ்டார்ட்டரால் சுழற்றுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்தால் பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு, பக்கத்துப் பக்கத்து இரண்டும் ஏறாமல் நின்றால் ஹெட் கேஸ்கட். கம்ப்ரஷன் சரியாகவே இருந்து விடாமல் துப்பினால் ராக்கர் கவரைத் திறந்து ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். கேம்ஷாஃப்டில் எக்ஸாஸ்ட் மேடு தேய்ந்திருந்தால் எரிந்த வாயு வெளியேற வழியின்றி, இன்லெட் திறந்ததும் அந்தப் பக்கம் பாயும்.

கேள்வி: பழைய கார்தானே, வெடித்தால் வெடிக்கட்டும் என்று ஓட்டலாமா?

பதில்: நீண்ட இறக்கத்தில் ஒன்றிரண்டு ‘பட்’ என்றால் பரவாயில்லை. பாரத்தில் வெடிப்பதை ஓட்டக் கூடாது. சைலன்சரின் மடிப்பு பிளந்துவிடும்; கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தால் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து உருக்கிவிடும். முன்பக்கக் கசிவிலிருந்து கார்பன் மோனாக்சைடு காருக்குள் வரலாம். அதற்கு வாசனை கிடையாது. இறக்கத்தில் கியரிலேயே சாவியை அணைத்து உருட்டிவிட்டு, கீழே வந்து திருப்பிப் போடும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். அந்த நேரம் முழுக்க எஞ்சின் பெட்ரோலை எரிக்காமல் சைலன்சருக்குள் தள்ளிக்கொண்டிருக்கும், பிரேக் பூஸ்டரின் துணையும் நிச்சயமில்லை, சாவி கூடுதலாகத் திரும்பினால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும்.