ஓனான் செத்தது எதற்காக?

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். குழந்தையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவெடுத்தோம். சபையில் மூத்த விசுவாசி ஒருவர், “இது ஓனானிசம், இதற்காகத்தான் கர்த்தர் ஓனானைக் கொன்றார்” என்கிறார். மனைவி பயந்துபோயிருக்கிறாள். உண்மையா?

பதில்: பயம் வேண்டாம். இருவரும் உட்கார்ந்து ஆதியாகமம் 38-ஐ நிதானமாக வாசியுங்கள். யூதாவின் மூத்த மகன் ஏர் பிள்ளையில்லாமல் இறந்துபோகிறான். அக்கால வழக்கப்படி தம்பி ஓனான், அண்ணி தாமாரைச் சேர்ந்து அண்ணன் பெயருக்கு வாரிசு உண்டாக்க வேண்டும். பிறக்கும் பிள்ளை அண்ணனுடையது. மூத்தவனின் பங்கும் அதற்கே போய்விடும். ஓனான் முடியாது என்று சொல்லவில்லை. அவளைச் சேர்ந்தான், ஆனால் விந்தை வெளியே விட்டு, கரு தங்காமல் பார்த்துக்கொண்டான். காரணத்தையும் வசனமே சொல்கிறது: “தன் தமையனுக்குச் சந்ததியுண்டாகாதபடிக்கு”. விதவையின் உடம்பை அனுபவித்துக்கொண்டே அவளுக்கிருந்த ஒரே ஆதரவை அடைத்தான். இதுதான் துரோகம்.

வேதத்தின் மற்ற பகுதிகளையும் பாருங்கள். அண்ணியை ஏற்க மறுப்பவனுக்கு உபாகமம் 25 மரணத்தை விதிக்கவில்லை. மூப்பர் முன்னிலையில் அவள் அவன் செருப்பைக் கழற்றி முகத்தில் துப்புவாள். அந்த அவமானம்தான் தண்டனை. விந்து வெளிப்பட்டால் குளிக்க வேண்டும், சாயங்காலம் வரை தீட்டு என்பதோடு லேவியராகமம் 15 நிறுத்திக்கொள்கிறது.

அந்த மூத்தவர் இல்லாததைச் சொல்லவில்லை. ஆதித் திருச்சபையின் பெரிய போதகரான புனித அகுஸ்தீன் இக்கதையை அப்படித்தான் வாசித்தார். 1930-ல் போப் பதினோராம் பயஸ், கருத்தடைக்கு எதிரான தம் சுற்றுமடலில் அவரை மேற்கோள் காட்டினார். ஆனால் அதே 1930-ல் ஆங்கிலிக்கன் ஆயர்களின் லாம்பெத் மாநாடு, சில சூழ்நிலைகளில் கருத்தடையை அனுமதித்தது.

‘ஓனானிசம்’ சுயஇன்பத்தைக் குறிக்கத் தொடங்கியது இன்னும் பிற்பாடு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஆசிரியர் பெயரில்லாமல் ‘ஓனானியா’ என்றொரு சிறுநூல் வந்தது. பயத்தைக் கிளப்பியதோடு, அதற்கு மருந்தும் விளம்பரம் செய்தது! 1760-ல் சுவிட்சர்லாந்து மருத்துவர் தீசோ எழுதிய நூல் அந்தப் பயத்துக்கு மருத்துவ முலாம் பூசியது. ஓனான் செய்தது சுயஇன்பமே அல்ல.

உங்களுடையது ஒளிவுமறைவில்லாத முடிவு. யாருடைய உரிமையையும் நீங்கள் பறிக்கவில்லை. ஆனால் ஓனான் கையாண்ட முறையையே நம்பியிருக்கிறீர்களென்றால், இதைக் கவனியுங்கள்: அதை மட்டும் பின்பற்றும் 100 தம்பதிகளில் சுமார் 20 பேருக்கு ஓராண்டுக்குள் கரு தரித்துவிடுகிறது. மனைவியோடு போய் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, உங்கள் இருவருக்கும் ஒத்துவரும் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.