எல்லா பட்டனும் ஒரே ராத்திரியில் போகாது

கேள்வி: அண்ணன் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த ஸ்டீம் டெக் (கையில் பிடித்து கேம் விளையாடும் கருவி), எல்சிடி மாடல். போன வாரம் ஸ்லீப்பில் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் ஸ்டிக், பட்டன், டச்பேட் எதுவுமே வேலை செய்யவில்லை. டச் ஸ்கிரீன் மட்டும் நன்றாக இருக்கிறது. புளூடூத் கன்ட்ரோலரை இணைத்தால் விளையாடவும் முடிகிறது. கடைக்காரர் போர்டு போய்விட்டது, 14,000 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். கடையில் விட்டிருந்தால் முதலில் போய் வாங்கி வந்துவிடுங்கள்.

ஒரு பட்டன் தேய்ந்து போகலாம், ஒரு ஸ்டிக் தானாக நகரலாம். இடது, வலது இரண்டு பக்கமும் ஒரே ராத்திரியில் சேர்ந்து தேயாது. உள்ளே இந்த பட்டன்களும் ஸ்டிக்குகளும் தனி யுஎஸ்பி கன்ட்ரோலர் போலத்தான் இணைந்திருக்கின்றன. அதைக் கவனிக்கும் சில்லு தூங்கி எழும்போது மாட்டிக்கொண்டால் மொத்தமும் ஊமையாகிவிடும். வெளிக் கன்ட்ரோலர் வேலை செய்கிறது என்றால் மெயின் போர்டைச் சந்தேகிக்க அவசரமே இல்லை.

முதலில் பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்து முழுதாக அணைத்து, மறுபடி போடுங்கள். சரியாகவில்லையா? அடுத்தது பேட்டரி ஸ்டோரேஜ் மோட், அதாவது பேட்டரியைத் தற்காலிகமாகத் துண்டித்து வைக்கும் நிலை. சாதாரண ரீஸ்டார்ட்டில் அசையாத சில்லு, பேட்டரித் தொடர்பு அறுந்தால் பல தடவை எழுந்துவிடும். அணைத்த நிலையில் வால்யூம் கூட்டும் பட்டனைப் பிடித்தபடி பவரை ஒரு தட்டு தட்டுங்கள். மணி ஒலித்ததும் விடுங்கள். வரும் மெனுவில் செட்டப் யுடிலிட்டி, அதில் பவர், அதில் பேட்டரி ஸ்டோரேஜ் மோட். டெக்கின் பட்டன்கள்தான் வேலை செய்யவில்லையே, அதனால் டைப்-சி ஓடிஜி அடாப்டர் வழியாகச் சாதாரண யுஎஸ்பி கீபோர்டு மாட்டி, அம்புக்குறியால் நகருங்கள். தேர்ந்தெடுக்கும்போது சார்ஜர் மாட்டியிருக்கக் கூடாது. அணைந்ததும் சில நிமிடம் விட்டு சார்ஜரைச் செருகினால்தான் உயிர் வரும். வெறும் பவர் பட்டனுக்கு அசையாது. அது தெரியாமல் 'இப்போது முழுசாகவே செத்துவிட்டது' என்று பதறி ஓடிவருபவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுந்ததும் டச் ஸ்கிரீனிலேயே செட்டிங்ஸ் போய் சிஸ்டம் அப்டேட்டையும் முடித்துவிடுங்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். விண்டோஸ் போட்டிருக்கிறீர்களா? அல்லது டெஸ்க்டாப் மோடில் (சாதாரண கணினித் திரை போன்ற நிலை) ஸ்டீம் என்ற கேம் செயலியை மூடிவிட்டீர்களா? அப்படியென்றால் இது பழுதே இல்லை. ஸ்டீம் ஓடாதபோது டெக், கன்ட்ரோலராக இல்லாமல் மவுஸும் கீபோர்டுமாக நடந்துகொள்ளும். வலது டச்பேடைத் தேய்த்தால் கர்சர் நகரும், வலது பக்க ஆர்2 பட்டன் கிளிக் ஆகும், ஏ பட்டன் என்டர் ஆகும். கேமுக்கு மட்டும் எதுவும் போய்ச் சேராது. கர்சர் நகர்கிறதா என்று பார்த்தாலே போதும், நகர்ந்தால் ஸ்டீமைத் திறந்துவிட்டு விளையாடுங்கள். இதற்கே 3,000 ரூபாய் 'சாஃப்ட்வேர் சார்ஜ்' கட்டியவர் ஒருவர் என்னிடம் வந்தார். கடையில் செய்தது ஸ்டீமைத் திறந்தது மட்டும்தான்!

டெக்கைத் தயாரிக்கும் வால்வ் நிறுவனம் இந்தியாவில் இதை நேரடியாக விற்பதில்லை. எனவே இங்கே அதிகாரபூர்வ சர்வீஸ் சென்டரும் கிடையாது. இறக்குமதி செய்து விற்பவர் 'ஒரு வருட வாரண்டி' என்றால் அது அவர் வாய்வார்த்தை. இத்தனை பேர் காசு கொடுத்து வாங்கும் பொருளுக்கு ஒரு பழுது மையம் வைக்க ஆளில்லை, அந்த இடைவெளியில்தான் இந்த 'போர்டு போச்சு' ஆட்கள் பிழைக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் பட்டன்கள் எழவில்லை என்றால், உள்ளே அவற்றை இணைக்கும் பட்டையான ரிப்பன் கேபிள் தளர்ந்திருக்கலாம். அதைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள், போர்டு மாற்றச் சொல்லாதீர்கள். காண்டாக்ட் ஸ்பிரே (மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) எடுத்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். சீரியல் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு எதிரிலேயே உட்காருங்கள். அப்புறம், பின்மூடியில் கை வைப்பதற்கு முன் மெமரி கார்டை நீங்களே உருவிவிடுங்கள். அது உள்ளே இருக்கும்போது மூடியைத் தூக்கினால் கார்டு இரண்டாக முறியும்.