அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் வீடியோ கேமில் என் அணியின் பாஸ் தாக்குதலை மேம்படுத்துவது எப்படி?

திறமையான குவார்ட்டர்பேக்கும் (பந்தை எறிபவர்) வேகமான இரண்டு ரிசீவர்களும் (பந்தைப் பிடிப்பவர்கள்) இருந்தும் ஆட்டத்துக்கு நான்கைந்து சாக்குகளும் (எறியும் முன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்படுவது) இரண்டு மூன்று இன்டர்செப்ஷன்களும் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது) வருவதாகவும், குவார்ட்டர்பேக்கை மாற்றிவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வீரர்களை நாமே இயக்காமல், அணியைத் தேர்ந்தெடுத்து, பிளேக்களை (ஆட்டத் திட்டங்களை) மட்டும் அழைக்கும் இவ்வகை கேம்களில் பல சீசன்கள் ஆடியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: குவார்ட்டர்பேக்கை இப்போதைக்குத் தொடாதீர்கள், முதல் டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் முதலாவதில்) நீங்கள் என்ன அழைக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.

என் முதல் அணியும் இப்படித்தான் தடுமாறியது. முதல் டவுனிலும் இரண்டாம் டவுனிலும் பந்தை நடுவே ஓடவிட்டு மூன்று யார்டு எடுப்பேன். மூன்றாம் டவுனில் இன்னும் ஏழு யார்டு வேண்டியிருக்கும். அங்கே பாஸ்தான் வரும் என்பது எதிரணிக்குத் தெரிந்துவிடுவதால், அவர்கள் ஓட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் பிளிட்ஸ் (குவார்ட்டர்பேக்கை நோக்கிக் கூடுதல் ஆட்களை) அனுப்புவார்கள், அல்லது பின்களத்தில் ஆட்களைக் குவிப்பார்கள். சாக்குகளும் இன்டர்செப்ஷன்களும் பெரும்பாலும் அந்த ஒரு சூழலில்தான் பிறந்தன. முதல் டவுன் அழைப்புகளில் பாதியை ஐந்து, ஆறு யார்டு தொலைவுள்ள குறுகிய பாஸ்களாக மாற்றிய பிறகு, மூன்றாம் டவுனில் மூன்று நான்கு யார்டுகளே தேவைப்பட்டன. அதே குவார்ட்டர்பேக் வேறொரு வீரரைப் போல ஆடத் தொடங்கினார்.

இதற்கு மெய்யான ஆட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்த பில் வால்ஷ், தொலைவுக்கு எறியும் வலிமை குறைந்த குவார்ட்டர்பேக் விர்ஜில் கார்ட்டரை வைத்துக்கொண்டு, 53 யார்டுக்குச் சற்று அதிகமான களத்தின் அகலம் முழுவதையும் குறுகிய பாஸ்களால் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார். 1971-இல் பாஸ் நிறைவு விகிதத்தில் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். முழுவதிலும் கார்ட்டரே முதலிடம் பெற்றார். இம்முறைக்கு ரிசீவரின் வேகத்தைவிட, ரூட்டை (ஓட வேண்டிய பாதையை) துல்லியமாக ஓடும் திறனும் பந்தைப் பிடிக்கும் திறனும் முக்கியம். வீரர் பட்டியலில் வேகம் என்ற எண் கண்ணைப் பறிப்பதால் பலரும் மற்ற இரண்டையும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

அடுத்தது பாதுகாப்பு. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையான அஃபென்சிவ் லைனில் ஐந்து பேர்தான். எதிரணி ஆறு பேரை அனுப்பினால் ஒருவர் தடுக்கப்படாமல் வந்தே தீருவார். அதனால் ரன்னிங் பேக்கையோ (பந்தோடு ஓடுபவர்) டைட் எண்டையோ (லைனின் ஓரத்தில் நிற்பவர்) தடுப்புக்கு நிறுத்துங்கள், அல்லது குவார்ட்டர்பேக் மூன்று எட்டு பின்வாங்கி உடனே எறியும் பிளேயை அழையுங்கள். ஏழு எட்டு பின்வாங்கும் பிளேக்களை, எதிரணி நான்கு பேரை மட்டுமே அனுப்பும் என்று நம்ப இடமிருக்கும் தருணத்துக்கு ஒதுக்கி வையுங்கள். சம்பள வரம்பில் இடம் மீதமிருந்தால், மூன்றாவது ரிசீவரை வாங்குவதைவிட, வலக்கை குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கத்தைக் காக்கும் லைனின் இடது டேக்கிளுக்கே நான் செலவிடுவேன்.

எதிரணியின் சேஃப்டிகளை (பின்களத்தில் கடைசியாக நின்று காப்பவர்களை) கவனிப்பதும் அவசியம். பின்களத்தை இருவர் பாதி பாதியாகக் காக்கும் கவர் 2-இல், ஓரத்தில் காக்கும் கார்னர்பேக்குக்குப் பின்னாலும் சேஃப்டிக்கு முன்னாலும் பக்கக்கோட்டை ஒட்டி ஓர் இடைவெளி இருக்கும். நேராக ஓடிப் பக்கக்கோட்டை நோக்கிச் சாய்வாகத் திரும்பும் கார்னர் ரூட் அங்கே போய்ச் சேரும். நடுவில் ஒரே சேஃப்டி நிற்கும் கவர் 3-இல், உள்பக்க ரிசீவர்கள் இருவரும் அவருக்கு இருபுறமும் நேராக ஓடினால் அவரால் ஒருவரையே காக்க முடியும். ஆளுக்கு ஆள் காக்கும் அணிக்கு எதிரே, குறுக்கே ஓடும் ரூட்கள் நன்கு பலிக்கும்.

முன்னேற்றத்தை மொத்த யார்டுகளால் அளக்காதீர்கள். பாஸ் யார்டுகளுடன் ஒவ்வொரு டச் டவுனுக்கும் 20 கூட்டி, ஒவ்வொரு இன்டர்செப்ஷனுக்கும் 45 கழித்து, சாக்கில் இழந்த யார்டுகளையும் கழித்து, எறிந்த முயற்சிகளும் சாக்குகளும் சேர்ந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள். 40 முயற்சிகளில் 300 யார்டு, 2 டச் டவுன், 3 இன்டர்செப்ஷன், 35 யார்டு இழந்த 5 சாக்குகள் என்றால் விடை 3.8-க்கும் சற்றுக் குறைவு. 28 முயற்சிகளில் 210 யார்டு, 1 டச் டவுன், இன்டர்செப்ஷன் இல்லை, 14 யார்டு இழந்த 2 சாக்குகள் என்றால் 7.2. அதாவது, 90 யார்டு குறைவாக எறிந்த ஆட்டமே கிட்டத்தட்ட இரு மடங்கு சிறந்த ஆட்டம்.

முதல் டவுன் அழைப்புகளையும் தடுப்பையும் சரிசெய்து, நான்கு ஆட்டங்களுக்கு இந்த எண்ணைக் குறித்து வாருங்கள். அதற்குப் பிறகும் அது உயரவில்லை என்றால், அப்போது புதிய குவார்ட்டர்பேக்கைத் தேடுவதில் நியாயம் உண்டு.